முயல் கூண்டு, ஆட்டுப் பரண், கோழிக் கொட்டகையில் ஈத் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டோரத்திலோ தோட்டத்திலோ பத்து முயலில் இருந்து நூறு முயல் வரை, ஒரு பரண் நிறைய ஆடு, கொஞ்சம் நாட்டுக்கோழி என்று வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் வைத்தே நாள்களும் அளவுகளும் சொல்லப்பட்டிருக்கின்றன.

வாரம் இரண்டு தடவை மருந்து அடிக்கிறேன். மறுநாளே அதே அளவு ஈ வந்துவிடுகிறது. ஏன்?

நீங்கள் கொல்வது பறக்கிற ஈயை மட்டும்தான். கொட்டகையில் இருக்கும் மொத்த ஈக்கூட்டத்தில் அது சிறு பங்கு. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் கூண்டுக்கு அடியிலும் குப்பை ஓரத்திலும் கிடக்கிறது.

வீட்டு ஈ ஒரு தடவைக்கு 100 முட்டை அளவில், வாழ்நாளில் நான்கைந்து தடவை முட்டையிடும். ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். புழு நான்கைந்து நாள் தின்று கொழுத்து, ஈரம் குறைந்த ஓரமாகப் பார்த்து ஊர்ந்து போய்க் கூட்டுப்புழுவாகும். அதிலிருந்து மூன்று முதல் ஐந்து நாளில் ஈ வெளியே வரும். சித்திரை, வைகாசி வெயிலில் முட்டை முதல் ஈ வரை எட்டே நாளில் முடிந்துவிடும். மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகலாம்.

ஆக, இன்றைக்கு உங்கள் முகத்தில் மொய்க்கும் ஈ பத்து நாளுக்கு முன் ஈரமாகக் கிடந்த புழுக்கையில் பிறந்தது. இன்று மாலை மருந்தடித்தாலும், நாளைக் காலை வெளிவரப்போகும் கூட்டம் மண்ணுக்குள் தயாராக இருக்கிறது. கூட்டுப்புழுவின் ஓடு கெட்டியானது, தெளிக்கிற மருந்து அதற்குள் போகாது. புழு பருவத்தில் கைவைக்காத எந்த வேலையும் பலன் தராது.

முயல் புழுக்கை காய்ந்த உருண்டைதானே? அதில் எப்படிப் புழு வைக்கிறது?

காய்ந்த முயல் புழுக்கையில் ஈ முட்டையிட்டாலும் புழு பிழைக்காது. ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வீட்டு ஈயின் புழுவால் வளர முடியாது. கோழி எச்சத்தையும் மாட்டுச் சாணத்தையும் விட முயல் புழுக்கையும் ஆட்டுப் புழுக்கையும் நமக்குச் சாதகமானவை. விழும்போதே ஓரளவு காய்ந்துதான் விழுகின்றன.

கெடுப்பது மூன்று: மூத்திரம், ஒழுகும் தண்ணீர், சிந்தும் அடர்தீவனம். முயல் எப்போதும் கூண்டின் ஒரே மூலையில் மூத்திரம் பெய்யும். அந்த மூலைக்கு நேர் கீழே புழுக்கை ஊறிச் சேறாகும். அதன்மேல் தவிடும் புண்ணாக்குத் தூளும் விழுந்து புளித்தால், அந்த ஒரு முழ இடத்தில் மொத்தக் கொட்டகைக்கும் போதுமான ஈ பிறக்கும்.

எந்த இடத்தில் உற்பத்தியாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு குச்சியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிவாக்கில் குனிந்து பாருங்கள். கூண்டுக்கு அடியில் மேலாகக் காய்ந்து பொருக்குத் தட்டிய இடத்தைக் குச்சியால் புரட்டினால் உள்ளே கருத்த சேறு தெரியும். அங்கே வெள்ளையாக, ஒரு முனை கூராகவும் மறுமுனை வெட்டிவிட்டாற்போல மொண்ணையாகவும் இருக்கும் புழுக்கள் நெளியும். வெளிச்சம் பட்டதும் கீழே இறங்கப் பார்க்கும். சேற்றைவிட்டு ஒரு சாண் தள்ளி, சுவரோரத்திலோ கல்லுக்கு அடியிலோ உதிரி மண்ணைக் கிளறினால், வறுத்த கோதுமைபோலச் செம்பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழுக்கள் கிடக்கும். ஒன்றை நசுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ஈ இனிமேல்தான் வரப்போகிறது. ஓடு மட்டும் காலியாக நொறுங்கினால் ஏற்கனவே பறந்துபோய்விட்டது.

பலர் கூண்டுக்கு அடியில் சுத்தமாக வைத்துவிட்டு வேறு இடங்களை மறந்துவிடுவார்கள். தீவன மூட்டை வைத்த பலகைக்கு அடி, மூத்திரம் ஓடும் பி.வி.சி. குழாயின் வளைவு, கழுவிய தண்ணீர் தேங்கும் கொட்டகைப் பின்புறம், மிச்சம் விழுந்த அகத்தி, வேலிமசால் காம்பு மட்கும் மூலை. ஆனி, ஆடியில் மாம்பழத் தோலும் பலாச் சக்கையும் கொட்டுகிற வீட்டுக் குப்பையையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பருவத்தில் ஈ பெருகுவதற்குக் கொட்டகை மட்டுமே காரணமாக இருக்காது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை புழுக்கை அள்ள வேண்டும்?

இரண்டு வழிகள் உண்டு, இரண்டுமே சரி. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தவறு.

முதல் வழி, புழு கூட்டுப்புழுவாவதற்குள் மொத்தத்தையும் அள்ளிவிடுவது. வெயில் காலத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை, மற்ற காலத்தில் வாரம் ஒருமுறை. அள்ளும்போது தரையைச் சுரண்டி அள்ள வேண்டும். மண்வெட்டிக்குத் தப்பி ஒட்டியிருக்கும் அரை அங்குலச் சேறே அடுத்த தலைமுறைக்குப் போதும். சிமென்ட் தரையும் சரிவான தகடும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும்.

இரண்டாவது வழி, கூண்டை இரண்டரை, மூன்று அடி உயரத்தில் வைத்து, அடியில் புழுக்கையைக் காய்ந்த மேடாகச் சேரவிடுவது. காய்ந்த பழைய புழுக்கையில் ஈ முட்டையைத் தின்னும் சிறு வண்டுகளும் மைட் எனும் நுண்ணிய பூச்சி வகைகளும், கூட்டுப்புழுவைத் துளைத்து அதற்குள் முட்டையிடும் எறும்பு அளவிலான குளவிகளும் குடியேறும். அவை பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் அள்ளும்போது ஒரே நாளில் துடைத்து எடுக்காமல், ஒரு பாதியை அள்ளிவிட்டு மறுபாதியை மூன்று வாரம் கழித்து அள்ள வேண்டும். அடியில் மூன்று அங்குலம் காய்ந்த அடுக்கை விட்டுவைக்க வேண்டும். மேடு எப்போதும் காய்ந்திருந்தால்தான் இது நடக்கும். முயல் தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் ஒன்று சொட்டினாலும் இந்த வழி தோற்றுவிடும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுத்தமாக அள்ளுகிறவருக்கு இரண்டு பலனும் கிடைக்காது. ஈக்கு ஒரு முழுச் சுற்று முடிக்க நேரம் கிடைக்கும், அதைத் தின்னும் பூச்சிக்குக் குடியேற நேரம் கிடைக்காது. ஈ குறையவே இல்லை என்று சொல்லும் கொட்டகைகளில் பல இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

மலையிலிருந்து முயல் வாங்கி வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கிருக்கும் குளிரில் ஈ வளரச் சமவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு நாள் பிடிக்கும். மலையில் பார்த்த சுத்தம் செய்யும் முறையை அப்படியே திண்டுக்கல்லிலோ ஈரோட்டிலோ கடைப்பிடித்தால் ஈயிடம் தோற்பீர்கள்.

நிப்பிள் கொஞ்சம் சொட்டுகிறது. அது அவ்வளவு பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மி.லி. ஒரு நாளில் 86,400 நொடி. அப்படியென்றால் நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஒரே இடத்தில் இறங்குகிறது. பத்துப் பதினைந்து முயல் சேர்ந்து பெய்யும் மூத்திரத்துக்கு இது ஈடாகும்.

நிப்பிள் சொட்டக் காரணங்கள் சில உண்டு. தொட்டி அதிக உயரத்தில் இருந்தால் அழுத்தம் கூடிச் சொட்டும். முயல் நிப்பிளுக்குத் தொட்டியின் அடிமட்டம் நிப்பிளைவிட ஓரிரண்டு அடி உயரத்தில் இருந்தால் போதும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக இணைப்புக் கொடுக்கக் கூடாது, நடுவில் சிறு மிதவைத் தொட்டி வையுங்கள். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகமானால் நிப்பிளுக்குள் இருக்கும் ஊசியில் வெள்ளையாகப் படியும். கழற்றி, காடியிலோ எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரிலோ ஒரு இரவு ஊறவைத்துத் தேய்த்தால் போகும். குழாயில் பாசி பிடித்துத் துணுக்கு வந்து ஊசியில் மாட்டிக்கொள்வதும் உண்டு. வெள்ளைக் குழாயை மாற்றிக் கறுப்புக் குழாய் போட்டால் பாசி குறையும். இன்னொன்று, முயலின் உடம்பு உரசும் இடத்தில் நிப்பிள் இருந்தால் அது படுக்கும்போதெல்லாம் தண்ணீர் கொட்டும். கூண்டு மூலையில், முயல் தலையைக் கொஞ்சம் தூக்கிக் குடிக்கிற உயரத்தில் பொருத்துங்கள்.

தினமும் மாலையில் ஒவ்வொரு நிப்பிளுக்கு அடியிலும் கையை வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஈக் கட்டுப்பாட்டுக்கு என்று ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சுண்ணாம்புத் தூள் தூவலாமா? எல்லாரும் தூவுகிறார்களே?

சுத்தமாக அள்ளி, காய்ந்த தரையில் தூவலாம். தரை வெளுத்துத் தெரியும் அளவு போதும். ஆனால் முயல் மேலே இருக்கும்போது, மூத்திரத்தில் ஊறிய புழுக்கைமேல் சுண்ணாம்பைக் கொட்டக் கூடாது. சுண்ணாம்பின் காரம் மூத்திரத்திலிருந்து அம்மோனியாவைக் கிளப்பிவிடும். முயலின் மூச்சுப்பாதை மிக மென்மையானது. அம்மோனியா அரித்த மூக்கில் பாஸ்டுரெல்லா கிருமி சுலபமாகத் தொற்றும். தும்மல், மூக்கில் வெள்ளைச் சளி, முன்னங்கால் உள்பக்க முடி ஒட்டிக் கிடப்பது எல்லாம் அதன் அடையாளம். ஈயை ஒழிக்கப் போய்ச் சளியை வரவழைத்த கதையாகிவிடும். அடுப்புச் சாம்பலும் காரம்தான். கொஞ்சமாகக் காய்ந்த இடத்தில் போடலாம், ஈரத்தில் கூடைகூடையாகக் கொட்டாதீர்கள்.

நின்றபடி மோந்து பார்த்து வாடை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். மூக்கைக் கூண்டின் அடித்தட்டு மட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு நிமிடம் இருங்கள். கண் எரிந்தால் முயல் அதை 24 மணி நேரமும் சுவாசிக்கிறது என்று பொருள்.

வாடையும் சேறும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு சிங்கிள் சூப்பர் பாஸ்பேட் உரம் பரவாயில்லை. 10 சதுர அடிக்கு 100 கிராம் தூவினால் அம்மோனியாவைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், பிறகு எருவிலும் சத்தாகச் சேரும். அது ஈயைக் கொல்லாது. கோழி மேயும் இடத்தில் தூவ வேண்டாம்.

ஈரத்தை உறிஞ்ச எதைப் போடுவது?

கிடைப்பதில் சிறந்தது தென்னை நார்க்கழிவு. காய்ந்த நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரம் பிடிக்கும். மூத்திர மூலைக்குக் கீழே இரண்டு அங்குலம் பரப்பி, கறுத்ததும் மாற்றுங்கள். பெரும்பாலும் வாரம் இரண்டு தடவை. மரத்தூளும் உதவும். உமி ஈரத்தைப் பிடிக்காது, ஆனால் காற்றோட விடும், அதனால் நார்க்கழிவோடு பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக இருக்கும். வைக்கோல் வேண்டாம். மூத்திரத்தில் ஊறிய வைக்கோல், ஆட்டின் காலைக் கடிக்கும் கொட்டில் ஈக்குப் பிடித்தமான இடம்.

அள்ளிய குப்பையை எங்கே, எப்படிப் போடுவது?

கொட்டகை சுத்தமாக இருந்து, பத்தடி தள்ளித் திறந்த குப்பைக்குழி இருந்தால் வேலை மொத்தமும் வீண். ஈ சாதாரணமாகவே சில நூறு மீட்டர் பறந்து வரும்.

நாலடி அகலம், மூன்றரை அடி உயரத்துக்குக் குறையாமல் குவியலாகப் போடுங்கள். பரப்பிப் போட்டால் சூடு ஏறாது. ஒரு கூடை புழுக்கைக்கு அரைக்கூடை காய்ந்த இலைச்சருகு கலந்து, கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது என்ற பதத்தில் வைத்தால் மூன்று நாளில் நடுவில் கைவைக்க முடியாத சூடு வரும். 55 டிகிரியில் புழு பிழைக்காது. ஆனால் புழு முட்டாள் அல்ல, சூடு ஏறியதும் குளிர்ந்த ஓரத்துக்கு நகர்ந்துவிடும். அதனால் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு மண் அள்ளிப்போட்டு மிதித்துவிடுங்கள். ஐந்தாம் நாள் திறந்து, ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போகும்படி புரட்டி மறுபடி மூடுங்கள். தாளை மேலே போட்டுக் கல் வைத்து, ஓரத்தைத் திறந்துவிடுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. அந்த ஓரத்தில்தான் எல்லாப் புழுவும் கூடுகட்டும்.

மண்புழு உரத்துக்கு விடுகிறவர்கள் இந்தச் சூடு தணிந்த பிறகு விடுங்கள். சுண்ணாம்பு தூவிய புழுக்கை மண்புழுவுக்கு ஆகாது.

வீட்டிலேயே ஈப்பொறி செய்யலாமா?

செய்யலாம். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றி, புனல்போலத் தலைகீழாக அடிப்பாகத்துக்குள் செருகி ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். உள்ளே கால் லிட்டர் தண்ணீர், 50 கிராம் வெல்லம், அரை டீஸ்பூன் ஈஸ்ட், பாத்திரம் துலக்கும் திரவம் நாலைந்து சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் ஈ தண்ணீர்மேல் நடந்து மேலேறிவிடும். புனல் வாய் தண்ணீரைத் தொடாமல் மூன்று அங்குலம் மேலே நிற்க வேண்டும். இரண்டாம் நாள் புளித்த பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

பச்சை ஈ, நீல ஈ அதிகமாக இருந்தால் வெல்லத்துக்குப் பதில் கருவாட்டுத் துண்டு போடுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும்.

பொறியைக் கொட்டகைக்குள் கட்டாதீர்கள். அது வெளியிலுள்ள ஈயையும் உள்ளே கூப்பிடும். கொட்டகையிலிருந்து முப்பது, நாற்பது அடி தள்ளி, வெயில் படும் இடத்தில் மூன்றடி உயரத்தில் கட்டுங்கள். உள்ளே வைக்க வேண்டியது பசை அட்டை. ஈ இரவில் தங்கும் கூரைச் சட்டம், தொங்கும் கயிறு, மின்கம்பி ஓரம் பார்த்துத் தொங்கவிடுங்கள். கறுப்புப் புள்ளிகள் நிறையத் தெரியும் இடம்தான் அவை தங்கும் இடம்.

தண்ணீர் நிரப்பிய பையைத் தொங்கவிடுவது, வேப்பிலைப் புகை, நீல விளக்கு?

தண்ணீர்ப் பையால் பலன் இல்லை. வேப்பிலைப் புகை போட்ட அரை மணி நேரம் ஈ விலகி நிற்கும், பிறகு வரும். ஆட்டுக்கொட்டிலில் கொசுவுக்குப் போடலாம், முயல் கொட்டகையில் வேண்டாம். நீல விளக்குப் பொறி அடைத்த அறைக்கு ஆனது. பகல் வெளிச்சம் கொட்டும் திறந்த கொட்டகையில் அதை ஈ சட்டைசெய்யாது. அதைவிட ஒரு மின்விசிறிக்குச் செலவழியுங்கள். வேகக் காற்றில் ஈயால் நின்று பறக்க முடியாது, முயலுக்கு வெயிலும் தணியும், புழுக்கையும் காயும்.

வேப்பெண்ணெய் பலன் தருமா?

விரட்டும், புழு வளர்ச்சியைத் தடுக்கும், உடனே கொல்லாது. லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி (எண்ணெய் மிதந்தால் சோப்புப் போதவில்லை) அள்ளிய பிறகு தரையிலும் சுவரோரத்திலும் தெளியுங்கள். சேறாகக் கிடக்கும் இடத்தில் வாளிக்கணக்கில் தெளித்தால் ஈரம்தான் கூடும்.

ரசாயன மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால்?

ஈ பகலில் உட்காரும், இரவில் தங்கும் இடங்களில் மட்டும் அடியுங்கள்: சுவரின் மேல்பாதி, தூண், கூரைச் சட்டம். கூண்டு, தீவனத் தட்டு, தண்ணீர்த் தொட்டி, முயல், குஞ்சு எதன்மேலும் படக் கூடாது. அளவு டப்பாவின் மேல் எழுதியிருப்பதுதான். புழுக்கைமேல் அடிப்பது இரட்டை நஷ்டம். ஆழத்தில் இருக்கும் புழு தப்பிவிடும், மேலே திரியும் வண்டும் குளவியும் செத்துவிடும். ஒரே வகை மருந்தை மாதக்கணக்கில் அடித்தால் ஈ பழகிவிடும். பைரித்ராய்டு வகைக்கு வீட்டு ஈ பழகிப்போவது உலகம் முழுக்க அறிந்த விஷயம். அதனால் அடுத்தடுத்து வேறு வேறு வகையை மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றி அதே வகையை வாங்கிவிடாதீர்கள்.

சர்க்கரையில் விஷம் கலந்த ஈ குருணையைக் கோழி பொறுக்கித் தின்னும். தட்டில் வைத்துக் கோழியும் நாயும் குழந்தையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

முட்டைக்கோழிப் பண்ணைகளில் எச்சத்தில் புழு வளராமல் தடுக்கத் தீவனத்தில் சைரோமசைன் கலப்பார்கள். அது கோழிக்கு உரிய மருந்து. முயல், ஆட்டுத் தீவனத்தில் நீங்களாகக் கலக்க வேண்டாம்.

நாய்க்கு உண்ணி போக வாங்கும் பிப்ரோனில் மருந்தை முயலுக்குத் தடவவே கூடாது. முயலுக்கு அது நஞ்சு.

கூண்டுக்கு அடியில் கோழியை விட்டால் புழுவைப் பொறுக்கிவிடுமே?

பொறுக்கும், கிளறிக் காயவும் வைக்கும். ஆட்டுப் பரணுக்கு அடியில் விடுவது நல்ல ஏற்பாடு. முயல் கூண்டுக்கு அடியில் எங்களுக்குச் சம்மதமில்லை. கிளறும் தூசு முயலின் மூக்குக்கு ஏறும், கோழி கூண்டின்மேல் ஏறித் தீவனத்தில் எச்சமிடும். இன்னொரு பக்கம், ஈ வழியாகக் கோழிக்கு நாடாப்புழு பரவும். விடுகிறவர்கள் கோழிக்குக் குடற்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள். மருந்தடித்த இடத்தில் கோழியை விடாதீர்கள்.

புழுக்கையில் பெரிதாக, தட்டையாக, சாம்பல் நிறப் புழு இருக்கிறது. அதுவும் ஈயா?

முக்கால் அங்குல நீளம், தோல் கெட்டியாக, வளையம் வளையமாக இருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. விட்டுவிடுங்கள். அது வளரும் இடத்தில் வீட்டு ஈ முட்டையிடுவது குறையும். வளர்ந்த ஈ குளவிபோல இருக்கும், தீவனத்திலோ சோற்றிலோ வந்து மொய்க்காது. கோழிக்கு அந்தப் புழு நல்ல தீனி. ஆனால் அது நிறைய இருந்தால் அந்த இடத்தில் ஈரம் மிகுதி என்றும் அர்த்தம்.

முயலுக்குப் பின்புறம் புழு வைத்துவிட்டது. என்ன செய்வது?

இது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய அவசரம். பச்சை ஈ வகைகள் மூத்திரமோ மலமோ ஒட்டிய முடியில் முட்டையிடும். வால் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, அரிசி நொய் கொத்தாக ஒட்டியதுபோல இருக்கும். பொரிந்த புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். காலையில் நன்றாக இருந்த முயல் மறுநாள் சாகலாம்.

ஈ இல்லாத அறைக்குக் கொண்டுபோய், துணி விரித்து உட்கார வையுங்கள். முடி காய்ந்திருந்தால் டிரிம்மரால் கத்தரியுங்கள். முயல் தோல் காகிதம்போலக் கிழியும், கத்தரிக்கோல் என்றால் தோலையொட்டிப் போகாதீர்கள். கண்ணில் படும் புழுவை முனை மழுங்கிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள், நசுக்கிவிடாதீர்கள். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டுப் புண்ணைக் கழுவுங்கள். முழு உடம்பையும் நனைக்கக் கூடாது, குளிர்ந்து அதிர்ச்சியில் போய்விடும். துடைத்து, கதகதப்பாக வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளே போன புழுவுக்கு ஐவர்மெக்டின் ஊசியும் வலி மருந்தும் எடைக்கேற்ப அவர் தருவார். போக வழி இல்லையென்றால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம்.

டர்பன்டைன், பினாயில், சீத்தாப்பழ விதைத்தூள், கற்பூர எண்ணெய் எதுவும் முயலுக்கு வேண்டாம். நக்கி உள்ளே போகும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் வாய்வழியாகக் கொடுத்தால் குடல் கெட்டே முயல் சாகும்.

பிழைத்த பிறகு, ஏன் பின்புறம் அழுக்கானது என்று பாருங்கள். அடர்தீவனம் கூடிப் பசும்புல் குறைந்தால் மலம் இளகும். கொழுத்த முயலால் குனிந்து, முயல்கள் இயல்பாகவே திரும்பத் தின்னும் தன் மெல்லிய மலத்தைத் தின்னவும் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யவும் முடியாது. கழிச்சல், ரத்தக்கழிச்சல், உட்காரும் பாதத்தில் புண் எல்லாம் காரணமாகலாம். மழைக்காலத்தில் ஒவ்வொரு முயலையும் தினம் இரண்டு தடவை தூக்கிப் பின்புறம் பாருங்கள்.

குட்டி ஈனும் பெட்டியில் ஈ மொய்க்கிறது.

ஈன்ற அன்றே ரத்தம் பட்ட நார், நஞ்சுக்கொடி, செத்த குட்டியை எடுத்துவிடுங்கள். தாய் உதிர்த்த சுத்தமான முடியை மட்டும் திரும்பப் போடுங்கள். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். ஆகவே ஈ அதிகமான நாள்களில் பெட்டியை வெளியே எடுத்து, கொசுவலை மூடி நிழலில் வைத்து, காலையில் பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் உள்ளே வைக்கலாம். கொட்டகை முழுவதையும் கொசுவலையால் அடைக்காதீர்கள், காற்று குறைந்து வெயிலில் முயல் தாங்காது.

ஆட்டுக்குப் புண்ணில் புழு வைப்பதைத் தடுக்க?

புண் வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. காது வில்லை குத்துவதையும் கொம்பு சுடுவதையும் ஈ குறைந்த வறண்ட, குளிர்ந்த மாதங்களில் வையுங்கள். கிடாவுக்கு அறுக்காமல் பர்டிசோ கிடுக்கியால் விதை நசுக்கினால் புண்ணே இல்லை. பிறந்த குட்டியின் தொப்புளை டிங்சர் அயோடினில் நனைத்துவிடுங்கள்.

புழு வைத்துவிட்டால், டர்பன்டைனில் நனைத்த பஞ்சைப் புண் குழிக்குள் சில நிமிடம் வைத்தால் புழு மூச்சுமுட்டி மேலே வரும். இடுக்கியால் எடுத்துக் கழுவிய பிறகு களிம்பு போடுங்கள். கண், காது, பிறப்புறுப்பு அருகே டர்பன்டைன் கூடாது, அங்கே மருத்துவர்தான் பார்க்க வேண்டும். மேலே நாலு புழுவை எடுத்துவிட்டுக் கட்டுப்போடுவது ஆபத்து. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாம் செய்கிறேன். எப்போது பலன் தெரியும்? குறைகிறதா என்று எப்படி அளப்பது?

முதல் பத்து நாள் குறைந்தாற்போலவே தெரியாது. மண்ணில் ஏற்கனவே கிடக்கும் கூட்டுப்புழு வெளிவந்து, அந்த ஈக்கள் வயதாகிச் சாக வேண்டும். மூன்றாவது வாரம் முடிவில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இடையில் ஒரு தடவை அள்ளாமல் விட்டால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும்.

அளக்க, தபால் அட்டை அளவு வெள்ளை அட்டை மூன்றை ஈ தங்கும் இடங்களில் தொங்கவிட்டு, தேதி எழுதி, ஒரு வாரம் கழித்து ஈ இட்ட கறுப்புப் புள்ளிகளை எண்ணுங்கள். கோழிப்பண்ணைகளில் வாரத்துக்கு ஓர் அட்டையில் 100 புள்ளியைத் தாண்டினால் நடவடிக்கை தேவை என்று வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் புது அட்டை. எண்ணிக்கை திடீரென்று ஏறினால் பத்து நாளுக்கு முன் என்ன நடந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஒரு மழைச் சாரலோ உடைந்த நிப்பிளோ இருக்கும்.

செத்த முயல், குஞ்சுகளை என்ன செய்வது?

அன்றே புதைக்க வேண்டும். இரண்டடிக்குக் குறையாத குழி, மேலும் கீழும் சுண்ணாம்பு, பிறகு மண்ணை இறுக்கி மிதித்து ஒரு கல்லோ முள்ளோ வையுங்கள், நாய் தோண்டும். இறந்து சில மணி நேரம் வெளியில் கிடந்த உடலில் பச்சை ஈ ஏற்கனவே முட்டையிட்டிருக்கும். அரையடி ஆழத்தில் மண்ணைத் தளர்வாக மூடினால் அந்த ஈக்கள் மண்ணைத் துளைத்து மேலே வந்துவிடும். குழி தோண்ட நேரமாகும் என்றால் அதுவரை உடலை பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி வையுங்கள், பையை அவிழ்த்துவிட்டுப் புதையுங்கள்.